வண்டி இப்போது சத்தம் போடுவதில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் தங்கள் தங்கையும் சுகம். எங்களைவிட எங்கள் வண்டி சுகம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் உட்கார்ந்து இதை முழுக்கப் படிக்கவும். தாங்கள் அவசியம் அறிய வேண்டிய சாதனை ஒன்று இதில் இருக்கிறது.

போன மாதம் தங்கள் வீட்டு வாசலில் நான் எங்கள் பழைய காரில் வந்து இறங்கியபோது, அத்தனை உறவுக்காரர்கள் முன்னால், "மாப்பிள்ளை, இதை இரும்புக்கடையில போட்டுட்டு பஸ்ல வாங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் தங்கையும்தான். சைலன்சர் துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, வண்டி ஊரைக் கூட்டியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வீடு திரும்பியதும் அவள், "ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கலைன்னா இரும்புக்கடைக்காரரை வரச் சொல்லிடுவேன். அதுவரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையாகக் கூட்டிவந்த வண்டி. விடுவேனா?

மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. வாசலில் சிமெண்ட் தரையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, துரு கண்ணில் விழாமலிருக்கப் பெண்ணின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் படுத்தேன். போல்ட்டும் துருவும் எது எதென்று பிரிக்க முடியாமல் ஒன்றாகியிருந்தன. எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன்; ஒன்று அசைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் அதன் தலை மட்டும் கையோடு வந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் குனிந்து பார்த்து, வலிக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் ரம்பத்தால் அறுத்தேன். அதற்கு முன்பே, சர்வே ஆபீசில் காலமெல்லாம் படம் வரைந்த கை அல்லவா, பழைய சைலன்சர் குழாயைப் பார்த்தபடியே அளவு பிசகாமல் படம் வரைந்து, வெல்டிங் பட்டறையில் கொடுத்து அதேபோல் வளைத்து வாங்கினேன். மாட்டினால் இடப்பக்கம் போக வேண்டிய குழாய் வலப்பக்கம் போகிறது. திருப்பிப் போட்டால் பக்கம் சரியானது, ஆனால் பின்சக்கர அச்சுக்கு மேலே ஏற வேண்டிய வளைவு தரையைத் தேய்த்தது. பட்டறைக்காரரை நான் நன்றாகத் திட்டிக்கொண்டிருக்கையில் தங்கள் தங்கை படத்தை வாங்கிப் பார்த்து, "படுத்துக்கிட்டு வரைஞ்சீங்களா?" என்றாள். மல்லாந்து படுத்து, கீழிருந்து பார்த்து வரைந்திருக்கிறேன். அவரோ மேலிருந்து பார்ப்பதாக நினைத்து வளைத்திருக்கிறார். இருந்தாலும் படம் படு சுத்தம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது குழாய் அப்படியே பொருந்தியது. குழாய் இணைப்பில் சத்தம் கசியாதபடி கிளாம்ப்புகளை முடுக்கி, ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி திருப்பினேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் கிரீச்சென்று கத்தியது. தங்கள் தங்கை வெளியே வந்து பானட்டில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். பெருமையில் சட்டைப் பொத்தான் தெறிக்கவில்லை, அவ்வளவுதான்.

தாங்கள் விளையாட்டாகச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தங்களைப் போன்ற பெரிய மனிதரைப் பற்றி நான் ஒருநாளும் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. தங்கள் ஆசி என்றும் வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

என்றும் தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுவது. கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். வண்டியில் சத்தமே இல்லை என்பது நிஜம். அதனால்தான் ஓட்டும்போது தனக்குத்தானே பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு என்று இப்போது தெரிந்தது. இத்தனை நாள் ஓட்டை சைலன்சர் காப்பாற்றியிருக்கிறது. தெருமுனை திரும்புவதற்குள், "இரும்புக்கடையில போட வேண்டியது வண்டியை இல்ல, அந்தப் பெரிய மனுஷனை" என்றார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று அடியில் புகுந்தார். ஸ்பேனரைப் பிடுங்கித் தையல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு இதே வண்டியில் வருகிறோம். மீதியை வழியில் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன்.