பதில் சொன்ன றேடியோ

ஆரம்பக் கல்வி இவ்வுலகில் இரண்டே இடங்களில் உச்சத்தைத் தொட்டிருக்கிறது. ஒன்று எதுவென்று எனக்குத் தெரியாது. மற்றது, தம்பலகாமத்தில் குளக்கட்டுக்குக் கீழே நான் தலைமையாசிரியராக இருந்த பாடசாலை.

இதைத் தற்பெருமை என்று எவரும் எண்ணலாகாது. பாக்கியரத்தினம் மாஸ்டர் அடக்கமானவர் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுப் பார்க்கும்படி நானே பலரை அனுப்பியிருக்கிறேன்.

அது எழுபத்து மூன்றாம் ஆண்டு. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற காலம். எங்கள் பாடசாலையின் கூரை ஒழுகியது. கதிரைகளுக்குக் கால் போதாது. கரும்பலகை வெளுத்து வெண்பலகையாகிக்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் கல்விக் கந்தோருக்கு எழுதினேன். கந்தோர் ஆழ்ந்து பரிசீலித்து, ஒரு றேடியோ அனுப்பியது.

சிலர் சிரித்தார்கள். தொலைநோக்கு இல்லாதவர்கள். கூரை மழைக்காலத்துக்கு மட்டுமே உதவும். றேடியோ பன்னிரண்டு மாதமும் உதவும்.

றேடியோவுடன் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. "ஒலிபரப்பு நேரத்தில் ஆசிரியர் மாணவருக்கும் சாதனத்துக்கும் இடையே நிற்கலாகாது. ஆசிரியரின் குறுக்கீடு கற்றலைப் பாதிக்கும்." என் ஊழியகாலத்தில் இவ்வளவு தெளிவான உண்மையை நான் வாசித்ததில்லை. ஆசிரியர்கள் கற்றலைப் பாதிக்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக இருந்தது.

முதலாம் வகுப்பில், அலுமாரிக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, பூத்தையல் விரிப்பு விரித்து, றேடியோவை எழுந்தருளச் செய்தோம். நான் அதன் நெற்றியில் சந்தனம் வைத்தேன். பெற்றார் சங்கத் தலைவர் அபூதாஹிர் காக்கா பேரீச்சம்பழம் பங்கிட்டார். வகுப்பாசிரியை இன்பமலர் ரீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று மதங்களின் பாதுகாப்பும் கிடைத்த பிறகு, குமிழைத் திருகினேன்.

கொழும்பிலிருந்து ஒரு கனவான் பேசினார். "பிள்ளைகளே, என் கையில் இருப்பது என்ன?" என்று கேட்டார். பிள்ளைகள் அவருடைய கையைத் தேடினார்கள். அவர் சற்றுப் பொறுத்து, "மிகவும் சரி" என்றார். எங்கள் பாடசாலையில் பிள்ளைகளின் விடைகள் எல்லாமே சரியான முதல் நாள் அதுதான்.

இந்தப் பொற்காலம் சில கிழமைகள் நீடித்தது. பிறகு யானை வந்தது.

யானை பாடசாலைக்கு வரவில்லை. அபூதாஹிர் காக்காவின் வயலுக்கு வந்தது. அவர் காலையிலேயே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சேர், ராவு ராவா யானை வயலுக்க இறங்குது. ரோர்ச்சுக்குப் பற்றரி இல்ல. கடைவழியயும் இல்ல. உங்கட றேடியோட வயித்துக்குள்ள நல்ல பற்றரி இரிக்கெண்டு எங்கட புள்ள வந்து சொல்லிச்சி."

"காக்கா, அது அரசாங்கச் சொத்து."

"யானையும் அரசாங்கச் சொத்துதானே சேர்."

அறுவடை முடியுமட்டும் என்ற நிபந்தனையில் பற்றரிகளைக் கொடுத்தேன். அறுவடை முடிந்ததும் அவர் நாணயமாகத் திருப்பித் தந்தார். ஒன்றிலும் உயிர் இல்லை. யானைகள் மட்டும் நல்ல வெளிச்சத்தில் வந்துபோயிருந்தன.

நேரசூசியில் "றேடியோ" என்று ஒரு பாடவேளை இருந்தது. அதைச் சுவரில் நிறப்பூச்சால் எழுதியிருந்தோம். ஆகவே மாற்ற முடியாது. பிள்ளைகள் நாள்தோறும் கைகட்டி, பேசாத றேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒழுக்கம் வெகுவாக முன்னேறியது.

இங்கே இன்பமலர் ரீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். நல்லவர், ஆனால் ஒரு குறை உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்வார். இதனால் பாடத்திட்டம் அடிக்கடி பிந்திப்போகும். பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை.

அவருடைய வகுப்பில் அபூதாஹிர் காக்காவின் மகள் றஹ்மா படித்தாள். வீட்டில் கிளி மாதிரிக் கதைக்கிற பிள்ளை, பாடசாலைப் படி ஏறினால் வாயைப் பூட்டிவிடும். பேர் கேட்டாலும் சொல்லாது. அவளை நான் "ஒழுக்கமான மாணவி" என்று வகைப்படுத்தியிருந்தேன். ரீச்சருக்கு மட்டும் அது பெரிய கவலை. "பிள்ளைக்குள்ள எவ்வளவோ கிடக்குது சேர், வெளியில வருதில்ல" என்பார். உள்ளே கிடப்பது உள்ளேயே கிடந்தால் பாடசாலைக்குச் சத்தம் குறைவு என்பது என் கொள்கை.

ஒருநாள் றேடியோப் பாடவேளை. சுற்றறிக்கையை மதித்து, ரீச்சர் அலுமாரிக்குப் பின்னால் நின்றார். திடீரென்று றேடியோ இருந்த திசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"வணக்கம் பிள்ளையள். இண்டைக்கு எங்கட குளத்துத் தவளை ஒண்டு பஸ்ஸேறிக் கந்தளாய்க்குப் போகுது. ரிக்கற் எடுக்கக் காசில்ல. கொண்டக்டர் இறங்கு எண்டு சொல்லுறார். தவளை இப்ப என்ன செய்யிறது?"

வகுப்பு வாய் பிளந்தது. றஹ்மா மெல்ல எழுந்தாள். றேடியோவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாஞ்சி முன்னுக்குப் போகச் சொல்லுங்க. றைவர் எங்கட மாமா."

பாடசாலையில் அவள் பேசிய முதல் வார்த்தைகள் இவை. ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"சேர், பிள்ளை கதைச்சிட்டா."

"றேடியோவோடதானே."

"ஓம் சேர். என்ர முகத்தைப் பாத்தா அவவுக்கு வாய் வருதில்ல. பெட்டியப் பாத்தா வருது. அப்பிடியே இருக்கட்டுமே."

அன்று தொடங்கி றேடியோ தினமும் பேசியது. தவளை கொண்டக்டருடன் கணக்குப் பார்த்துக் கூட்டல் கற்றது. பஸ் போர்ட் வாசித்து எழுத்துக் கற்றது. றஹ்மா றேடியோவுடன் சண்டைபிடித்தாள், அதற்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், தவணை முடிவில் அதற்குப் பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாதா என்று கேட்பீர்கள். அலுமாரிக்குக் கீழே ரீச்சரின் செருப்பு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் செருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, றேடியோவுடன்தான் கதைத்தார்கள். பண்பட்ட பிள்ளைகள்.

இந்த நிலையில்தான், செவிப்புல கட்புலச் சாதனங்களுக்குப் பொறுப்பான அதிகாரி பேணாட் அவர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியது நேரே முதலாம் வகுப்பு வாசலில். நேரமோ றேடியோப் பாடவேளை.

"சேர், ஒலிபரப்பு நடக்குது. குறுக்கிடக் கூடாது" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது. சுற்றறிக்கையை எழுதியவரே அவர்தானாம். முகம் மலர்ந்துபோய், பாடசாலையில் நான்கு காலும் உள்ள ஒரே கதிரையில் சத்தமில்லாமல் அமர்ந்தார்.

தவளை அன்று திருக்கோணமலைத் துறைமுகம் பார்க்கப் போயிருந்தது. பேணாட் அவர்கள் கண்ணை மூடிக் கேட்டார், பிறகு பேனையை எடுத்துக் குறிப்பெழுதினார்.

"மாஸ்டர், என்ன சுத்தமான குரல். ஒரு இரைச்சல் இல்லையே."

"குளக்கட்டு உயரம் சேர். அலை நேரா வந்து விழும்."

அப்போது றஹ்மா எழுந்தாள்.

"றேடியோ, எனக்கு ஒண்டுக்கு வருது."

"போயிட்டு வாங்கோ றஹ்மா. கால் கழுவிப்போட்டு வகுப்புக்கு வாங்கோ" என்றது றேடியோ.

பேணாட் அவர்களின் பேனை நின்றது. ஓய்வூதியம் கப்பலேறிப் போவதை மனக்கண்ணில் கண்டேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், கவனிச்சீங்களோ?"

"ஓம் சேர்."

"எந்த வகுப்பிலயும் இந்த நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்டுக்கு வரும். அதைக்கூட முன்கூட்டியே யோசிச்சுச் சேத்திருக்கினம் பாருங்கோ."

"பேரையும் சரியாச் சொன்னது சேர்" என்றேன். என் நாக்கில் அன்று சனியன் குந்தியிருந்தது.

"இந்தப் பக்கத்தில றஹ்மா எண்ட பேர் கனக்க. அதையும் ஆராய்ஞ்சிருப்பினம்."

படித்தவர் குனிந்து பார்ப்பதில்லை. செருப்பு அவர் கண்ணில் படவே இல்லை. வெகுநேரம் வியந்தபின் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வகுப்பு ரீச்சர் எங்க?"

"சுற்றறிக்கைப்படி ஒதுங்கி நிக்கிறா சேர்."

"இப்பிடி ஒதுங்கி நிண்ட ரீச்சரை நான் இண்டுவரைக்கும் காணேல்ல. அப்ப, ரீச்சர் இல்லாமலே இந்த வகுப்பு நடக்குது?"

புகழ்ச்சி என் தலைக்கு ஏறியிருந்தது. "பூரணமா நடக்குது சேர்" என்றேன்.

கிழமை இரண்டு போகமுன் கந்தோர் எங்களைக் கௌரவித்தது. பாடசாலை "முன்மாதிரிச் செவிப்புலப் பாடசாலை" ஆனது. நான் பதவியில் ஒரு தரம் உயர்ந்தேன். இன்பமலர் ரீச்சர் "உபரி" ஆனார். மூதூருக்கு அப்பால் ஒரு பாடசாலைக்கு அவரை இடமாற்றியிருந்தார்கள். துறைமுகத்தில் லோஞ்ச் ஏறி, குடாவைக் கடந்து, அங்கிருந்து மணலில் நடக்கவேண்டும்.

ரீச்சர் வந்து நின்றார்.

"சேர், நான் எங்கயும் படிப்பிப்பன். ஆனா அந்தப் பிள்ளை இப்பதான் வாய் திறந்தவ. றேடியோ நான்தான் எண்டு பேணாட் சேரிட்டச் சொல்லுங்கோ."

"சொல்லலாம் ரீச்சர். சொன்னா றேடியோ வேலை செய்யேல்ல எண்டு வரும். அது வந்தா பற்றரி எங்க எண்டு வரும். பற்றரி எண்டா அபூதாஹிர் காக்கா வருவார். அவர் வந்தா யானை வரும். யானைக்குக் கல்விப் பகுதிப் பற்றரியால வெளிச்சம் காட்டினது ஆர் எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அப்ப யானைக்காக என்னை அனுப்புறீங்கள்."

"அப்பிடிக் கொச்சையாச் சொல்லக் கூடாது" என்றேன்.

பிரியாவிடை சிறப்பாக நடந்தது. வடையும் தேநீரும் கொடுத்து, நானே பேசினேன். "ஆசிரியர் இல்லாமலே கல்வி நடக்கும் நிலைக்கு இந்தப் பாடசாலையை உயர்த்திவிட்டுச் செல்லும் ஆசிரியை" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். றஹ்மா தட்டவில்லை.

அடுத்த நாள் றேடியோப் பாடவேளைக்கு நான் வாசலில் நின்றேன். றஹ்மா றேடியோவுக்கு முன்னால் போனாள். "தவளை எங்க?" என்று கேட்டாள். காத்திருந்தாள். பிறகு குனிந்து அலுமாரிக்குக் கீழே பார்த்தாள். அங்கே செருப்பு இல்லை. தன் இடத்துக்குப் போய்க் கைகட்டி இருந்தாள். அன்றிலிருந்து மறுபடி வாயைப் பூட்டிக்கொண்டாள். அவளை மீண்டும் "ஒழுக்கமான மாணவி" பிரிவில் சேர்த்துக்கொண்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

எங்கள் புகழ் கடல் கடந்தது. அடுத்த தவணையில் பேணாட் அவர்கள் ஒரு வெளிநாட்டு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையோடு புதுப் பற்றரிகளும் கொண்டுவந்தார். அவற்றைத் தம் கையாலேயே போட்டு, குமிழைத் திருகினார். கொழும்புக் கனவான் உயிர்த்தெழுந்தார்.

"பிள்ளைகளே, என் கையில் இருப்பது என்ன?"

வகுப்பில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

"மிகவும் சரி."

நிபுணர் தலையாட்டினார். பேணாட் அவர்கள் என் காதருகே குனிந்தார்.

"மாஸ்டர், அந்தப் பிள்ளைக்கு ஒண்டுக்கு வரச் சொல்லுங்கோ."

நான் றஹ்மாவைப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லமுன் அவளே எழுந்தாள். மேசைவரைக்கும் நடந்து வந்தாள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, றேடியோவின் முகத்துக்கு நேரே வாயை வைத்தாள். அவள் அதை றேடியோ என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். அன்று மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை.

"ரீச்சர், எப்ப வருவீங்க?"

"மிகவும் சரி. இனி அடுத்த கேள்விக்குப் போவோம்" என்றது றேடியோ.

றஹ்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். இம்முறை வெயில் இல்லை. வெளியே மழை பெய்து, கூரை என் தலையில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

பேணாட் அவர்கள் முகம் சிவந்து, என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

"என்ன மாஸ்டர் இது? போனமுறை பிள்ளையளோட கதைச்ச றேடியோ எங்க?"

என் ஊழியகாலத்தில் மேலதிகாரி எவரையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கைகட்டி, உரிய மரியாதையோடு, கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னேன்.

"அதைத்தான் சேர், உபரி எண்டு எழுதி நீங்கள் மூதூருக்கு அங்கால மாத்தினனீங்கள்."