முப்பாட்டனாரின் சுக்கான்

"என்ன பாய் இது? புதுக் கட்டில் மாதிரி பளபளன்னு இருக்கு!"

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் கருணாகரன் பதறினார். சுவரில் சாய்ந்து நின்றது, கப்பலைத் திருப்பும் மரச் சுக்கான். சினிமா செட்டுக்குச் சாமான் செய்யும் தௌசீஃப் தலையைச் சொறிந்தார்.

"பழசு மாதிரி வோணும்னு சொல்லவே இல்லியே சார். இன்னொரு அர்ஜென்ட் ஆர்டர் கீது. முடிச்சிட்டு சாயங்காலம் வந்து இத்த பழசாக்கித் தர்றேன்."

மாலையில் சம்பந்தி வீட்டார் நிச்சயம் பேச வருகிறார்கள். வரப்போகும் சம்பந்தி கோதண்டபாணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பெண் பார்க்க வந்த அன்று அவர்தான் முதலில் ஆரம்பித்தார்: "எங்க கொள்ளுத்தாத்தா கப்பலோட நங்கூரம் இன்னும் எங்க வீட்டுல இருக்கு!"

பெண் வீட்டார் தாழ்ந்து போவதா? "எங்க முப்பாட்டனார் பிடிச்ச சுக்கானே இருக்கு" என்று கருணாகரனும் சொல்லிவிட்டார்.

"பரம்பரைன்னா உண்மை இருக்கணும். பொய் பேசுற குடும்பத்துல நான் பெண் எடுக்க மாட்டேன்" என்று கோதண்டபாணி அப்போதே கறாராகச் சொல்லியிருந்தார். மகள் தீபிகாவுக்கோ பையனை ரொம்பவே பிடித்திருந்தது.

மாலை வரை கருணாகரனுக்குப் பொறுக்கவில்லை. காபி டிகாஷனை ஊற்றித் தேய்த்தார். மரம் பழசானது, கூடம் காபி ஓட்டலானது. கடல் வாசனை வேண்டுமென்று கருவாடு வாங்கிவந்து தேய்த்தார். அந்தச் சைவ வீட்டுக்குத் தெருப் பூனைகள் குடும்பத்தோடு வந்தன.

"மானத்தைக் காப்பாத்துறேன்னு வீட்டையே நாறடிச்சிட்டீங்களே!" மனைவி மீனாட்சி சாம்பிராணி போட்டார்.

புகைக்கு நடுவே சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சுக்கானைக் கண்டதும் கோதண்டபாணியின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"குலதெய்வமுங்களா?"

"இல்லைங்க, சுக்கான்."

கோதண்டபாணி மூக்கை உறிஞ்சியபடி அதைச் சுற்றிவந்தார்.

"சுக்கான்ங்கிறது எந்த மொழிச் சொல்லு, தெரியுமா?"

"இதென்ன கேள்வி? சுத்தத் தமிழ்! எங்க முப்பாட்டனார் வாயில வந்த சொல்லு."

"அரபு. அரபிக் கப்பல்காரங்க கொண்டாந்தது."

கருணாகரனின் முகம் சிவந்தது. "அப்ப உங்க நங்கூரம்?"

"பாரசீகம்" என்றார் கோதண்டபாணி, தாமே போய் வாங்கிவந்ததுபோல.

தீபிகா காபித் தட்டோடு நின்றாள். "அப்ப ரெண்டு வீட்டுலயும் இரவல் சொல்லுதானா மாமா?"

"சொல்லு இரவலா இருக்கலாம்மா. சாமான் பரம்பரைச் சொத்து! அதுல பொய் இருக்கக் கூடாது."

"அதே, அதே!" என்றார் கருணாகரன், நிமிர முயன்றபடி.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். கையில் பிரஷ்ஷோடு தௌசீஃப் உள்ளே வந்தார். கருணாகரன் 'போ, போ' என்று கண்ணால் சாடை காட்டினார். ஆனால் தௌசீஃப் அவர் பக்கம் திரும்பவேயில்லை. கோதண்டபாணியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, நீங்களும் இங்கதான் கீறீங்களா சார்? உங்க நங்கூரத்துக்குத் துரு கலர் அடிச்சி காய வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்!"