ராயபுரத்தில் ஜப்பான் சரஸ்வதிக்கு ஒரு தேங்காய்

1934 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்றே கால் மணி. வெயில் சுமார், கடல் காற்று மட்டும் வேண்டிய அளவுக்கு மேல்.

அந்த நேரத்தில் ராயபுரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடி பங்களாவின் வாசலில், நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு விபூதி பூசும் வழக்கம் கிடையாது. அன்று பூசியது என் வருங்கால மாமியாருக்காக.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. காத்திவாக்கத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. பெண் கஸ்தூரி, எட்டாவது வரை மிஷன் பள்ளியில் படித்தவள். அவள் அப்பா பெரும்பாலும் கடலில் இருப்பார். வீட்டில் முடிவு சொல்வது, மீன் ஏலம் எடுக்கும் அம்மா ராஜம்மாள். அவருக்கு என்மேல் ஒரே ஒரு சந்தேகம்.

"பட்ச்ச புள்ளைங்கோ இப்ப சாமியே இல்லேன்னு மீட்டிங் போட்டுகினு கீதுங்கோ. இவன் எப்பிடி?" என்று தரகரிடம் கேட்டிருந்தார்.

நான் அம்மாவையும் பெண்ணையும் ஒரு கோயிலுக்குக் கூப்பிட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஜப்பான் மியூசியத்துக்குக் கூப்பிட்டேன். (படித்தவன் அல்லவா!)

பஞ்சு வாங்க வந்த ஒரு ஜப்பான் வியாபாரி, தன் ஊரிலிருந்து கொண்டுவந்த பழம்பொருள்களை இரண்டு அறைகளில் வைத்து, ஞாயிறுதோறும் எல்லோரையும் பார்க்க விட்டிருந்தார். ஒன்பது சிலைகள், நான்கு வாள்கள், இரண்டு அறைச் சுவர்களிலும் தொங்கிய பதினேழு காகிதங்கள். காகிதமெல்லாம் ஐந்நூறு, அறுநூறு வருஷத்துச் சமாசாரம்.

ராஜம்மாள் முதல் காகிதத்தை உற்றுப் பார்த்தார். "இன்னா நைனா இது, எறா காலாட்டம் கீது?"

"பத்திரம், அத்தே. கோயிலுக்கு நெலம் எழுதி வச்சது."

"அட, அங்கயும் எழுதி வெக்கறானுங்களா!"

அந்தக் குரலில் திருப்தி தெரிந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அடுத்த அறையில் ஒரு பெண் தெய்வத்தின் சிலை, கையில் வீணை மாதிரி ஒரு வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் நூல்நிலையத்தில் இரண்டு மணி நேரம் படித்ததை அங்கே இறக்கினேன். "இவங்க நம்ம சரஸ்வதிதான், அத்தே. சீனா வழியா ஜப்பானுக்குப் போனவங்க."

ராஜம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரசோதியா! அம்மாந்தூரம் போயி ராயபுரத்துக்கே திரும்பி வந்துகிறா! ஒரு பூவு இல்ல, வௌக்கு இல்ல, சும்மா குந்த வச்சிகீறானே படுபாவி!"

திரும்பும் வழியில் திருவொற்றியூர் கோயிலுக்குப் போவதற்காகப் பூஜைக்கூடை கொண்டுவந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பூச்சரம் சிலையின் கழுத்தில் ஏறிவிட்டது. தேங்காய் ஜன்னல் கல்லில் உடைந்து, பாதித் தண்ணீர் என் சட்டைக்கு வந்தது. பிறகு கற்பூரத்துக்குத் தட்டு தேடினார். மேஜைமேல் பளபளவென்று கறுப்பாக ஒன்று இருந்தது. நானூறு வருஷத்து அரக்குப் பூச்சுத் தட்டு.

"அத்தே, இது மியூசியம்..."

அவர் திரும்பினார். "இன்னா? சாமிக்கு ஏத்தக் கூடாதா?"

கஸ்தூரியும் என்னைப் பார்த்தாள். "ஏத்துங்க" என்றேன்.

ஏற்றினார். ஜன்னல் வழியே காற்று வந்தது. சுடர் படுத்துக்கொண்டு பத்திரங்களின் பக்கம் நாக்கை நீட்டியது. எத்தனை போர், எத்தனை பூகம்பம் தப்பி வந்த காகிதங்களோ! ஓடிப்போய் அவற்றுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

"இன்னாத்துக்கு காக்கா வெரட்ற மாரி நிக்கற?"

"பக்தி, அத்தே."

வாசனை பிடித்துக்கொண்டு ஜப்பான்காரர் வந்தார். சிலையைப் பார்த்தார், சுடரைப் பார்த்தார், கைகூப்பினார். கற்பூரம் அணைகிறவரை அசையவில்லை. பிறகு மூச்சை இழுத்து முகர்ந்து, "எங்கள் தேசத்துக் கற்பூரம்" என்று இங்கிலீஷில் சொன்னார். கடைசியாகத் தட்டை எடுத்தார். நடுவில் வெள்ளி ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அவர் முகம் மெல்ல வாடியது. யார் செய்தது என்று கேட்டார்.

அத்தையைப் பார்த்து விரலை நீட்டினால் தட்டுக்கு நான் ஜவாப்தாரி இல்லை; ஆனால் கஸ்தூரியும் எனக்கு இல்லை.

"ஐ டிட் இட், சார். வெரி அர்ஜென்ட் பிரேயர்" என்றேன்.

"இன்னா சொல்றாரு தொரை?"

"நல்ல கற்பூரமாம், அத்தே." (இது பொய் இல்லை.)

"பின்ன, கலீஜ் சரக்கா வாங்குவேன்?" என்று ஒரு தேங்காய் மூடியை ஜப்பான்காரர் கையில் வைத்தார். அந்த மனிதர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

படி இறங்கும்போது கஸ்தூரி முதல் தடவையாக என்னிடம் பேசினாள். மிஷன் பள்ளி இங்கிலீஷ் அவளுக்குப் புரியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அம்மா ஏத்துனத நீங்க ஏன் ஏத்துகினீங்கோ?"

படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். ரயிலில் ராஜம்மாள் தீர்ப்புச் சொன்னார்: "புள்ள பரவால்ல. கைய விரிச்சிகினு நின்னான் பாரு, எங்கூட்டு ஆளுகூட சாமி முன்னால அப்பிடி நின்னதில்ல." வைகாசியில் கல்யாணம்.

அத்தைக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் யாராவது அடுத்தவர் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டால், "கற்பூரம் ஏத்துகினாரு" என்றுதான் பேச்சு. பேரன்கள்கூடச் சொல்கிறார்கள், காரணம் தெரியாமல்.

ஜப்பான்காரர் தட்டின் விலையைக் கேட்கவில்லை. அவர் ஊருக்கு அனுப்பிச் சரிசெய்யும் செலவை மட்டும் கேட்டார். பூச்சுக் கூலி முப்பத்தொரு ரூபாய், கப்பல் கட்டணம் ஆறே கால் ரூபாய். தேங்காயைச் சேர்க்கவில்லை, அது அத்தை வாங்கியது. ஆக நான் கட்டியது மொத்தம் முப்பத்தேழு ரூபாய் நாலணா.