வாசலில் விழுந்த பச்சைக் கட்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தையும் என் மகள் சுகத்தையும் அறிய ஆவல். ஒரே ஊரில் இருந்துகொண்டு இதைக் கடிதம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் இல்லாத ஷேர் வண்டிகள் நிற்பதற்காக நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து வரைந்த பச்சைக் கட்டம், ஊரில் வேறு சாலையோரமே இல்லாத மாதிரி என் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து விழுந்திருக்கிறது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறவன் வாசலில், ஓட்ட ஆளே வேண்டாத வண்டிக்கு ஸ்டாண்டு! நேராக வந்து என் முகத்தில் கரியைப் பூசியிருக்கலாம். உங்களுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்ததும் இதே வாசலில்தான். காம்பவுண்டுச் சுவரை இரண்டு முறை இடித்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பெண்ணையே கொடுத்தேன்.

என் எல் போர்டு காரை இனி எங்கே நிறுத்துவது? பக்கத்துச் சந்தில் விட்டால் சலூன்காரர் சண்டைக்கு வருகிறார். காரை விடுங்கள், என்னையாவது நிற்க விடுகிறதா? கட்டத்தின் ஓரத்தில் கால் வைத்தால் போதும், நான் எங்கேயோ போகக் காத்திருப்பதாக நினைத்து ஒரு வண்டி வந்து நின்று கதவைத் திறக்கிறது. "நான் வரலப்பா, நீ போ"ன்னா அதுக்குக் காது ஏது? பின்னாடி இன்னொண்ணு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. நேத்து ஒரு அம்மா கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, ஏறுங்க, இல்ல நகருங்க"ங்கறாங்க. என் வாசல்ல நான் நிக்கறதுக்கு!

அதையும் பொறுத்துக்குவேன். போன ஞாயிற்றுக்கிழமை என் பொண்ணு அதுலதான் வந்தா. முன்னெல்லாம் ஆட்டோவுல வருவா, ஆட்டோக்காரர் நம்ம பெஞ்சுல பேப்பர் படிச்சிட்டுக் கிடப்பார், இவ சாப்பிட்டு, அம்மாகிட்ட சண்டை போட்டு, சமாதானமாகி, சாவகாசமாப் போவா. இப்ப ஒரு கால் வண்டியில, ஒரு கால் கட்டத்துல. எங்களுக்கு வாங்கிட்டு வந்த மாத்திரைப் பையை அவ நீட்டறதுக்குள்ள, நிறுத்தும் நேரம் முடிஞ்சுதுன்னு அது கூவுது. "உள்ள மத்தவங்க காத்திருக்காங்கப்பா, அடுத்த வாரம் வர்றேன்"னு கதவைச் சாத்திக்கிட்டா. உங்க மாமியார் தட்டு எடுத்து வச்சுட்டு வெளிய வந்தா, நான் மட்டும் பையோட நிக்கிறேன். அவ உள்ள போய்த் தட்டைத் திரும்ப அலமாரியில வச்சுட்டா. எனக்கு வயிறு எரியுது மாப்பிள்ளை.

ஆகவே மேற்படி கட்டத்தை உடனே அழிக்கக் கோரி உங்கள் அலுவலகத்தில் முறைப்படி புகாரும் கொடுத்துவிட்டேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு வாழ ஆசீர்வதிக்கிறேன். கட்டத்தை ஆசீர்வதிக்க மட்டும் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கட்டத்தை அழிக்க வேண்டாம். சலூன்காரர் சந்தில் இடம் கொடுத்து வெகு நாளாயிற்று. என்னிடம் கார் ஓட்டக் கற்க வருகிறவர்களே அந்த வண்டியில்தான் வந்து இறங்குகிறார்கள். புகார் கொடுத்தால் கட்டம் போட்ட இன்ஜினியரே நேரில் வந்து, அரை நாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று உங்கள் ஆபீசில் சொன்னார்கள். வாருங்கள். அன்றைக்கு என் மகளையும் லீவு போடச் சொல்லிக் கூட்டி வாருங்கள். உங்களுக்குப் பதில் வேறு இன்ஜினியர் வந்தால், கட்டத்தைப் பற்றி மேலே எழுதியது அத்தனையும் நிஜம்.