போர்த்துக்கல் தம்பிக்காக நான் பேசப் போன கதை

கூச்சப்படுகிற ஆக்களை எல்லாரும் நல்ல ஆக்கள் என்று நினைக்கிறார்கள். அது பிழை. வாய்க்காரர் செய்கிற சேதம் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டுகிற ஆக்களால் வருகிற சேதம் மெதுவாகத்தான் தெரியவரும். அப்படி ஒருமுறை தலையாட்டி, ஒரு நல்ல மனிதருக்குக் கிடைக்க இருந்த வேலையை நான் இல்லாமல் செய்தேன். அவர் போர்த்துக்கல் நாட்டு உதைபந்து வீரர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் இருவருக்கும் இடையில் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஊரை விட்டு வந்து, இங்கிலீசுக்காரர் நாட்டில் பிளேஸ்டோ என்ற இடத்தில் இருந்தோம். நான், மகன் குமரன், மருமகள் சுகந்தி. குமரனுக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் இல்லாவிட்டால், பக்கத்தில் இருந்த ஒரு சின்ன உதைபந்துக் கிளப்பின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுவான். அந்தக் கிளப் வென்றதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. தோற்றுவிட்டு வருகிற முகத்துக்குச் சோறு போடுவதுதான் என் பங்கு.

"முன்னுக்கு நிக்கிறவங்கள் நல்லா அடிக்கிறாங்கள் அம்மா. பின்னுக்குத்தான் மறிக்க ஆளில்லை. கதவு திறந்துகிடக்கிற வீடு மாதிரி, ஆரும் வரலாம், ஆரும் போகலாம்" என்பான்.

நான் மோரீன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் தங்குவிடுதியில் வேலை செய்தேன். காலைச் சாப்பாடு வைக்கவேண்டும், பிறகு அறைகளைத் துப்புரவாக்கவேண்டும். குமரனின் கிளப் புதிதாக ஆட்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கும்போது அங்கேதான் தங்க வைக்கும். அப்படித்தான் ஒரு நாள் இந்தப் போர்த்துக்கல்காரர் வந்தார். அர்மிந்து என்று பெயர். எனக்கு அது அரவிந்தன் என்றுதான் கேட்டது. நல்ல உயரம், கறுத்த தலைமயிர், நிலத்தைப் பார்த்துப் பேசுகிற சுபாவம். அவரும் என்னைப்போல ஒரு கூச்சக்காரர்.

முதல் நாள் காலை அவர் ஒரு கதிரையை இழுத்தார். அதற்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "கதெய்ரா" என்றார்.

என் கையில் இருந்த, மேசை துடைக்கிற துவாய் விழுந்துவிட்டது.

"ஓம் தம்பி, கதிரைதான். அது ஆடுது. மற்றதிலை இருங்கோ" என்றேன்.

அவர் மற்றதில் இருந்தார். நான் மேசையைத் தொட்டு, "மேசை" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "மேசா" என்றார். தட்டில் இருந்த பாண் துண்டைக் காட்டினேன், பாண் மாதிரியே ஒன்று சொன்னார். சப்பாத்தைக் காட்டினேன், "சப்பாத்து" என்று எங்கள் ஊர் ஆள் மாதிரியே சொன்னார். சாவி, துவாய், குசினி, அலுமாரி எல்லாம் சரி. (எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த விடுதியில் அதுவரை என்னோடு யாரும் இரண்டு சொல் சேர்த்துப் பேசியதில்லை.)

வீட்டுக்கு வந்து, "போர்த்துக்கல்காரர் தமிழ் கதைக்கிறார்" என்று சுகந்திக்குச் சொன்னேன்.

"மாமி, உங்களுக்கு நாய் குரைச்சாலும் தமிழ் மாதிரித்தான் கேக்கும்" என்றாள்.

நான் அதைக் காதில் போடவில்லை. பாவம் பிள்ளை, எங்கேயோ யாரிடமோ கொஞ்சம் தமிழ் பழகியிருக்கிறார், வாக்கியமாகச் சேர்க்கத்தான் வரவில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு மனத்தாங்கல். அடுத்த நாள் இடியப்பமும் சம்பலும் வீட்டிலிருந்து கொண்டுபோய், அவருக்கு முன்னால் வைத்து, "சாப்பிடுறீங்களோ தம்பி?" என்று கேட்டேன். அவர் அதைப் பார்த்து, "சீ, சீ" என்றார்.

முகத்துக்கு நேரே "சீ" என்றால் யாருக்குத்தான் தாங்கும்? இடியப்பக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த நாளும் கொண்டுபோனேன். அடுத்த நாளும் "சீ" என்றார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பாண் விஷயத்தில் மட்டும் ஆள் வேறு மாதிரி. "இன்னும் பாண் ஆருக்கு?" என்று கேட்டால், கையை நெஞ்சில் வைத்து, "நான், நான்" என்பார். கொஞ்சம் மூக்கால் சொல்வார், ஆனால் எனக்கு விளங்கும். நான் இன்னும் இரண்டு துண்டு போடுவேன். சத்தம் போடாமல் அதையும் சாப்பிட்டு முடிப்பார்.

இப்படியே இரண்டு கிழமை போனது. கடைசி நாள் கிளப்பிலிருந்து கார் வந்தது. அர்மிந்துவின் ஆட்டம் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். டாக்டர் காலைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, சரி என்றால் அன்றே எடுத்துவிடுவார்களாம். அவரைக் கூட்டிவந்த ஏஜன்ட்தான் அவருக்காகப் பேசுகிறவர். அந்த ஆள் அன்றைக்கென்று வரவில்லை.

மோரீன் என்னைக் கை காட்டினாள். "இவள் நாள் முழுக்க அவனோடு அவன் பாஷையில்தான் கதைக்கிறாள்" என்று அவள் சொன்னது எனக்கு விளங்கியது. அப்படி இல்லை, நான் தமிழ்தான் கதைக்கிறேன், அவருக்கும் கொஞ்சத் தமிழ்தான் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தாங்க் யூ" என்றுதான் வந்தது. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையோடு என்னைக் காரில் ஏற்றினார்கள்.

கிளப்பில் ஒரு சின்ன அறை. டாக்டர், கோச், கோச்சுக்கு உதவியாக இன்னொருவர். அர்மிந்து அரைக் காற்சட்டையோடு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் சேலைக்கு மேலே சுவெட்டர் போட்ட மனுசி, அந்நிய ஆண்பிள்ளையின் தொடையைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலுமோ? சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. கடைசிவரை அந்தக் கலண்டரைத்தான் பார்த்தேன். அவர் கையால் என்ன காட்டினார், தலையால் என்ன காட்டினார் என்பது எனக்குத் தெரியாது. காதுக்குக் கேட்டதை வைத்துத்தான் எல்லாம்.

டாக்டர் கேட்டார்: "முழங்காலில் நோ, வலி ஏதும் இருக்கிறதா? ஒப்பரேஷன் ஏதும் செய்ததா?"

நான் என் முழங்காலைத் தொட்டு, வெட்டுகிற மாதிரிக் கையால் காட்டி, "தம்பி, இஞ்சை வெட்டினதோ? இப்பவும் நோகுதோ?" என்றேன்.

"நான், நான்" என்றார் அர்மிந்து.

இந்தக் காலை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் ஓடியது? கலண்டரைப் பார்த்தபடி, "யெஸ். ஹிம். பிக் ஒப்பரேஷன். வெரி பெயின்" என்றேன்.

"ஆனால் அவன் இல்லை என்று தலையாட்டுகிறானே" என்றார் கோச்.

"ஹெட், ஆவர் சைட் டிஃபரண்ட்" என்றேன். (எங்கள் பக்கத்தில் தலையாட்டுவது வேறு மாதிரி என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரம் போர்த்துக்கல்லும் எனக்கு எங்கள் பக்கம்தான்.)

டாக்டர், "ஓ, சரிதான். என்னோடு ஒரு இந்திய டாக்டர் வேலை செய்கிறார், அவரும் இப்படித்தான் தலையாட்டுவார்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கோச் முன்னால் குனிந்து, இந்தக் கிளப்புக்கு விளையாட விருப்பமா என்று கேட்டார். நான் பந்து அடிக்கிற மாதிரிக் காலை ஆட்டி, நிலத்தைக் காட்டி, "இஞ்சை விளையாட விருப்பமோ தம்பி?" என்றேன்.

"சீ, சீ, சீ."

மூன்று தரம். எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது. விருப்பமில்லை என்றால் பண்பாகச் சொல்லலாம்தானே. கொஞ்சம் மெருகு போட்டு, "சொறி. ஹீ நோ லைக்" என்றேன்.

உதவியாளர், "ஸ்பெயினில் 'சீ' என்றால் ஆம் அல்லவா?" என்று கேட்டார். அந்த நல்ல மனிதர் லீவுக்கு ஸ்பெயின் போய்வந்தவராம். கோச், "இவன் ஸ்பெயின்காரன் இல்லை, அந்த அம்மாவைக் கேள்" என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று ஆண்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியாக, ஊருக்குத் திரும்பிப் போக யோசனை இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் கையைத் தூரத்துக்குக் காட்டி, "வீட்டை போகப் போறது ஆர்?" என்றேன். "நான்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். அதோடு அலுவல் முடிந்தது. கோச் எழும்பி அவருக்குக் கை கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் அர்மிந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நான் உறைந்துபோனேன். என் மனுசன் இருந்த காலத்தில் வெளியில் வைத்து என் கையைக்கூடப் பிடித்ததில்லை. வேலை இல்லை என்று தெரிந்தும் இப்படிச் சிரிக்கிறாரே, என்ன மனத்தைரியம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை அவர் சப்பாத்துப் பையோடு கீழே வந்து, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கார் வரவில்லை. மோரீன் கிளப்புக்கு ரெலிபோன் எடுத்துப் பேசிவிட்டு, முகம் மாறி வந்தாள். பக்கத்துத் தெரு ஹோட்டலில் லூர்து என்று ஒரு போர்த்துக்கல் பெண் துப்புரவு வேலை செய்தாள். மோரீன் அவளைக் கூட்டிவந்து, கிளப் சொன்னதை அவரிடம் சொல்லச் சொன்னாள்.

அவர்கள் இருவரும் படபடவென்று பேசினார்கள். அதில் தமிழ் ஒரு சொல்கூட இல்லை.

லூர்து என்னிடம் திரும்பி, "அவனுக்கு ஒப்பரேஷன் இல்லை. நோவும் இல்லை. இங்கே விளையாட ஆசை என்று சொன்னானாம். நீ என்ன சொன்னாய்?" என்று மெதுவான இங்கிலீசில் கேட்டாள்.

"அவர் 'சீ' எண்டவர்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு சொல் அவளுக்கு விளங்கியது.

"'சீ' என்றால் ஆம்" என்றாள்.

"நான்?"

"'நான்' என்றால் இல்லை."

பிறகு அவள் மற்றதையும் சொன்னாள். ஸ்பெயினிலும் பிரான்சிலும் சின்னச் சின்னக் கிளப்புகளில் மாறி மாறி விளையாடியவராம். பின்வரிசை ஆட்டக்காரருக்கு அவர் வயதில் புதிய நாட்டில் இடம் கிடைப்பது கஷ்டமாம். இதுவும் இல்லை என்றால் தகப்பனின் மீன்பிடி வள்ளத்துக்குப் போகவேண்டியதுதானாம். லூர்து அங்கேயே நின்று கிளப்புக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். அவர்கள் முந்தின நாள் பின்னேரமே வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

நான் கதவோரம் நின்றேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அவருடைய பாஷை இல்லை. கதிரை, மேசை, அலுமாரியை வைத்து எப்படி மன்னிப்புக் கேட்பது? அர்மிந்து நிமிர்ந்து என்னைப் பார்த்து, லூர்துவிடம் ஏதோ கேட்டார்.

அவள் சொன்னாள்: "அப்படியென்றால், தினமும் காலையில் அந்தச் சாப்பாட்டைக் காட்டிக் காட்டி ஏன் திருப்பி எடுத்துக்கொண்டு போனாய் என்று கேட்கிறான்."

அன்றைக்குத்தான் அந்த இடியப்பம் அவர் வாய்க்குப் போனது. நான் பரிமாறினேன், அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். "இன்னும் வேணுமோ?" என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயம். போட்டுக்கொண்டே இருந்தேன். மத்தியானம் வடக்கே ஏதோ ஒரு ஊரில் இன்னொரு கிளப்பைப் பார்க்கவென்று ரயில் ஏறிவிட்டார்.

இரவு குமரன் கோபத்தோடு வந்தான். "ஒரு போர்த்துக்கல்காரன் வந்தவனாம் அம்மா. கல்லுச் சுவர் மாதிரி நிப்பானாம். கடைசியிலை, உங்கட கிளப் எனக்கு வேண்டாம் எண்டு மூஞ்சையிலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டுப் போயிட்டான். திமிர் பிடிச்சவன்."

நான் சோற்றுக்குச் சொதியை ஊற்றினேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்து, "அவர் அப்படிச் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்" என்றேன்.

குமரன் முழுக்கக் கேட்டுவிட்டு, சாப்பிட்ட கோப்பையைத் தள்ளி வைத்தான். சுகந்தி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். பிறகு அவன், "கதிரை, மேசை எல்லாம் அவையின்ரை சொல் அம்மா. முந்தி அவையள் எங்கட ஊரைப் பிடிச்சு வைச்சிருக்கேக்கை விட்டிட்டுப் போனது" என்றான்.

"அப்ப 'சீ'யையும் விட்டிட்டுப் போயிருக்கலாம்தானே" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த வருசம் குமரனின் கிளப் வாங்கிய கோல்களுக்கு அளவில்லை. பதிலுக்கு எடுத்த ஆளாலும் மறிக்க ஏலாமல் கீழ்ப்பிரிவுக்குப் போனது. அர்மிந்துவை வடக்கே எடுத்துவிட்டார்கள். அங்கேயே நிலைத்து, கப்டனாகி, வீடும் வாங்கிவிட்டார் என்று லூர்து சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காக நித்திரை வந்தது. சில வருசம் கழித்து ஏதோ கோப்பைப் போட்டியில் அவருடைய கிளப் இங்கே விளையாட வந்தபோது, குமரன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவர் பெரிதாக ஓடவில்லை. பந்து எங்கே வருமோ அங்கே முதலே போய் நின்றார். குமரனின் ஆட்கள் வந்து வந்து அவரில் மோதித் திரும்பினார்கள்.

"வடிவாப் பாருங்கோ அம்மா. நீங்கள் வேண்டாமெண்டு அனுப்பின ஆள்" என்றான் குமரன்.

இப்போது குமரனுக்கே தலை நரைத்துவிட்டது. பேத்தி வேலைக்குப் போகிறாள். ஆனாலும் டிவியில் குமரனின் கிளப்புக்கு எதிராக ஒரு கோல் விழுந்தால், எங்கள் வீட்டில் யாரும் கோல்காப்பாளரை ஏசுவதில்லை. எல்லாரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். "அப்பம்மா, எகெய்ன்?" என்பாள் பேத்தி. எதிர்ப்பக்கம் கோணர் கிக் அடிக்கப் போகிறது என்றால், நான் தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு நானாகவே எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன்.