திருஷ்டிப் பூசணியில் வைட்டமின் ஏ

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதை வேலை செய்யும் இடத்தில் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் என்றாவது ஒருநாள் கையில் மைக்கைத் திணிப்பார்கள். எனக்குப் பூசணிக்காயைத் திணித்தார்கள்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்து, குன்றத்தூரில் தோழிகளோடு ஓர் அறையில் குடியிருந்த காலம். கைப்பேசிகளில் இன்னும் பொத்தான்கள் இருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. தெரியாத விஷயம் எதுவுமே கிடையாது (என்று நினைப்பு).

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கம்பெனி உதவி செய்துவந்தது. அங்கே சத்துணவுச் சாம்பாரில் கிடக்கும் மஞ்சள் பூசணித் துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்கியெடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுகிறார்களாம்.

"அதுல என்ன சத்து இருக்குன்னு யாராவது போய்ப் பேசணும்" என்றார் எச்.ஆர். மேடம்.

"நான் பேசுதேன் மேடம்!"

"சொதப்பிடாதம்மா. இது சரியா வரலன்னா பள்ளிக்கூடத்துக்குப் போற வேலையையே மேல நிறுத்திடுவாங்க."

நானா சொதப்புவேன்? உள்ளூர்க்காரரான எங்கள் சூப்பர்வைசர் தேவராஜ் அண்ணனிடம் போனேன். "அண்ணே, நாளைக்கு ஸ்கூலுக்கு நல்ல பெரிய பூசணிக்காயா ஒண்ணு கொண்டாந்துருங்க."

"பூசணிக்காதானே? ஜோரா கொண்டாந்துர்றேம்மா."

மறுநாள் வகுப்பறையில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தேவராஜ் அண்ணன் கட்டிய சாக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். நாள் முழுக்க இரும்புத் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் நான், அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"குழந்தைகளே! தங்கம்போல் மின்னும் இந்தக் காயின் மஞ்சள் நிறம் நம் உடம்புக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது! கண்ணுக்கு நல்லது! நார்ச்சத்து உண்டு! இதோ!"

சாக்கை உருவினேன்.

உள்ளே இருந்தது தங்கமில்லை. சாம்பல் பூத்த, பச்சை வெள்ளையான, குங்குமம் அப்பிய ஒரு பூதம். உச்சியில் வட்டமாக வெட்டி, கற்பூரம்கூட வைத்திருந்தார் அண்ணன். எங்கள் ஊரில் பூசணி என்றால் மஞ்சள். இந்த வெள்ளைக்குப் பெயர் தடியங்காய். இந்த ஊரிலோ வெள்ளைதான் பூசணி, மஞ்சள் என்றால் பரங்கி. இது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

புத்தியுள்ளவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். நான் மனப்பாடம் செய்தவள். "இந்த மஞ்சள் நிறத்தைப் பாருங்கள்" என்று தொடர்ந்தேன்.

"எங்கக்கா மஞ்சா கீது?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அக்கா, இது துன்றது இல்ல. ஒடைக்கிறது!" என்றான் பக்கத்திலிருந்தவன்.

வகுப்பே சிரித்தது. எப்படியாவது மானத்தைக் காப்பாற்ற, அதை இரண்டு கையாலும் தூக்கி வாசல் வெளிச்சத்தில் காட்டப் போனேன். என் கனத்தில் பாதி இருந்தது. வாசல்படியில், சரியாக எச்.ஆர். மேடம் உள்ளே நுழைந்த நேரத்தில், கைநழுவி, 'சத்'தென்று சிதறியது. மேடத்தின் புடவையில் சரிபாதிக்குச் சத்து ஏறிவிட்டது.

"திருஷ்டி போச்சு! காசு! காசு!" என்று பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஆமாம், அண்ணன் உள்ளே சில்லறையும் போட்டிருந்தார்.

"கம்பெனி விசேசம்னு நெனச்சிகினேம்மா" என்றார் பரிதாபமாக.

மேடம் புடவையில் ஒட்டிய விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்தார். அதுதான் பயமாக இருந்தது. அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. சாம்பாரில் பரங்கித் துண்டுகள் மிதந்தன. சுவரைப் பார்த்துப் பிள்ளைகளின் கைகள் தயாராகிக்கொண்டிருந்தன. என் பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது. எனக்கு உண்மையில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலேய், யாரும் எறியாதீங்க! இன்னைக்கு நீங்கதான் லைன் இன்ஸ்பெக்டரு. பீஸைக் கையில எடுங்க. கரும்புள்ளி இருக்கா?"

"இல்லக்கா!"

"அமுக்கிப் பாருங்க. மெத்துனு இருக்கா?"

"கீதுக்கா!"

"கடைசி டெஸ்ட் வாயிலதான். கடிச்சுப் பாக்காம ரிஜெக்ட் பண்ணுனா இன்ஸ்பெக்டர் வேலை போயிரும்."

முன்வரிசைப் பெண் கண்ணை இறுக மூடி மென்றாள். ஒரு கண்ணைத் திறந்தாள். "ஓகே!" என்றாள். அவ்வளவுதான். "ஓகே! ஓகே!" என்று பந்தி முழுக்கக் குரல் பரவியது. அடுத்த நிமிடம், "அக்கா, இன்னொரு பீஸ் செக் பண்ணணும்!" வாளி காலியாகும்வரை ஒருவரும் எழவில்லை.

"இத்த துன்னா கண்ணு நல்லா தெரியும்னியே, நீ மட்டும் ஏன்க்கா கண்ணாடி போட்டுகினு கீறே?" என்று ஒருவன் மடக்கினான். தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் மேடமும் சேர்ந்துகொண்டார். அடுத்த மாதம் கேரட்டுக்கும் என்னையே அனுப்பினார்கள். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியேறினேன்.

இந்தக் கதை கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் காதுக்கும் போய்விட்டது. வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் சரி, கார் வாங்கினாலும் சரி, பூசணிக்காயைச் சுற்றிவிட்டு ஓங்கிய கையோடு எங்கள் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே நிற்பார். "இருங்க, அம்மா மொதல்ல சத்தைச் சொல்லட்டும். அப்பறம் ஒடைக்கலாம்."

நானும் விடுவதில்லை. அவர் கை வலித்துக் கெஞ்சும்வரை சொல்கிறேன்.