முன்னால் ஏழு வாதுமை, பின்னால் ஆறு முட்டை

புதுச்சேரிப் பட்டணத்துச் சகல ஜனங்களும், சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்கும் துரைமார்கள் உட்பட, தெரிந்துகொள்ள வேண்டிய மகா முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, முசே அருளானந்தம் தேகப்பயிற்சி செய்யத் தீர்மானித்தார்.

அவருக்கு வயது நாற்பத்து நாலு. பிரெஞ்சு சர்க்கார் ஆபீசான பியூரோவில் பேனா பிடிக்கிறவர். ஆகையால் ஊருக்கு முசே, அதாவது ஐயா. பேனாவைவிடக் கனமான எதையும் அவர் வருஷத்தில் ஒரே நாள்தான் தூக்குவார். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். அன்று சுரூபம் வைத்த சப்பரத்தின் முன் வலது தண்டு அவர் தோளில் இருக்கும். அதற்கு முன் அது அவருடைய அப்பா தோளில் இருந்தது. அதற்கும் முன் தாத்தா தோளில். வீட்டுக்கு ஓடு மாற்ற வழியில்லாத வருஷங்களில்கூட அந்தத் தண்டு மட்டும் குடும்பத்தை விட்டுப் போனதில்லை.

போன வருஷம் கோயில் மூலை திரும்பும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் மடங்கியது. சப்பரம் சாய்ந்து, மாதாவின் கிரீடம் காது வரை இறங்கிவிட்டது. கூட்டம் "சேசுவே!" என்று அலறியது. அந்த அலறல் அருளானந்தத்தின் காதில் ஒரு வருஷமாக ஓயவில்லை.

சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவர் பிரகாசம். அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் பரீட்சை வெச்சுதான் ஆள் எடுக்கறது. திருநாளுக்கு முந்தின ஞாயித்துக்கிழம, ஆறு மணிப் பூச முடிஞ்சதும், சப்பரத்துல மணல் மூட்டைய ஏத்தி கோயில மூணு சுத்து. நடுவுல எறக்குனா தண்டு வேற ஆளுக்கு."

"வேற ஆளுன்னா?"

"நம்ம கிறிஸ்துதாஸ் இருக்கான்."

கிறிஸ்துதாஸ் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன். பிரகாசத்தின் மருமகன் என்பது தற்செயல்.

மிச்சம் இருந்தது ஐந்து வாரம். அருளானந்தம் நேரே கருவடிக்குப்பம் தென்னந்தோப்புக்குப் போனார். அங்கேதான் தணிகாசலம் வஸ்தாது தினம் விடியற்காலையில் இளவட்டங்களுக்குக் கசரத்து பழக்குவார். வஸ்தாதுக்கும் அவர் வயதுதான் இருக்கும். ஆனால் தோளைப் பார்த்தால் கருங்காலிக் கட்டை.

"தினம் வாங்க முசே. அம்பது தண்டால், நூறு பஸ்கி, அப்புறம் கர்லாக்கட்ட சுத்துனீங்கன்னா தோளு தானா வந்துரும்" என்றார் வஸ்தாது.

"அது கிடக்கட்டும். சாப்பாடு?"

"சாப்பாடா?"

"தண்டாலுக்கு முன்னால என்ன சாப்பிடணும், பின்னால என்ன சாப்பிடணும்? அதுலதானய்யா சூட்சுமமே இருக்கு! பிரான்சுலேருந்து வர்ற பத்திரிகையிலயே போட்டிருக்கான்."

இத்தனை வருஷத்தில் வஸ்தாதை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"தண்டாலுக்கு முன்னாடி, ராவே ஊற வெச்ச வாதும ஏழு. தோலு உரிக்கணும். அம்மியில வெண்ணெயாட்டம் அரைக்கணும். கறந்த பசும்பாலு, பனங்கல்கண்டு, ரெண்டு இழை குங்குமப்பூ."

"குங்குமப்பூ" என்று எழுதிக்கொண்டார் அருளானந்தம்.

"முடிச்ச பின்னாடி, வேர்வ அடங்கறதுக்குள்ள, நாட்டுக்கோழி முட்ட ஆறு. நெய்யில. ஓரம் மட்டும் முறுகணும், நடுவுல எளசா இருக்கணும். அப்புறம் ஆட்டுக்கால் சூப்பு. மொளகு தூக்கலா. கடைசில அந்த நடு எலும்ப ஒடச்சி..."

வஸ்தாது எச்சில் விழுங்கினார்.

மந்திரம் சொல்லும்போது இப்படித்தான் தொண்டை அடைக்கும் என்று அருளானந்தம் மனதுக்குள் வணங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, நோட்டுப் புத்தகத்தில் 'முன்', 'பின்' என்று பிரெஞ்சில் தலைப்புப் போட்டு அழகாகப் பிரதி எடுத்தார்.

மனைவி ரோசா அதைப் பார்த்தாள்.

"தினம் ஏழு வாதுமையா? நம்ம கல்யாணப் பாயசத்துலயே அவ்வளவு போடலிங்களே."

"இது விருந்து இல்ல ரோசா. விஞ்ஞானம்."

முதல் நாள் விஞ்ஞானம் மூன்றாவது தண்டாலில் மேலே வந்துவிட்டது. குங்குமப்பூ சகிதம். இளவட்டங்கள் விலகி நின்று மரியாதை செய்தார்கள்.

பால் குடித்த உடனே குனிந்ததுதான் தப்பு என்று முடிவு செய்து, மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே குடித்தார். வயிறு அடங்கியது. கூடவே கண்ணும் அடங்கியது. பரீட்சைக்குப் பயிற்சி எடுக்க வந்தவர் தென்னை மரத்தடியில் குறட்டை விட்டார்.

இதற்குப் பரிகாரம் யோசித்தார். வயிற்றில் உள்ளதும் உடம்பு செய்வதும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்றைக் குறைத்தாக வேண்டும். சாப்பாடு ஆசான் வாக்கு. அதில் கை வைக்க முடியாது. ஆகவே தண்டாலைக் குறைத்தார். ஐம்பதில் அவரால் முடிந்த பன்னிரண்டு எட்டாயிற்று, எட்டு நாலாயிற்று. மூன்றாம் வாரம், முன்னாலும் பின்னாலும் ஒரு குறையும் இல்லை. நடுவில்தான் ஒன்றும் இல்லை.

வேர்வை அடங்குவதற்குள் சாப்பிட வேண்டும் என்றால் வீடு தூரம். அதனால் முட்டையையும் சூப்பையும் தூக்குச் சட்டியில் வைத்துத் தோப்புக்கே எடுத்துப் போனார். அந்த ஐந்து வாரத்தில் அவர் ஒழுங்காகத் தூக்கிய பாரம் அதுதான்.

"நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்களேன் வஸ்தாது" என்று ஒரு நாள் உபசரித்தார்.

"வாணாம் முசே. பழக்கிக் குடுக்கறவன் கை நீட்டக் கூடாது. ஆறிடப் போவுது, நீங்க சாப்டுங்க."

வஸ்தாது திரும்பி நின்று தென்னை மரத்தைப் பார்த்தார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"மொளகு தூக்கலா கீதா முசே?"

"இருக்கு."

"எலும்பு ஒடையுதா?"

"உடையுது."

"ம்" என்றார் வஸ்தாது. சிஷ்யனை இவ்வளவு நுணுக்கமாகப் பரிசோதிக்கும் ஆசான் வேறு எங்கே கிடைப்பார் என்று அருளானந்தம் நெகிழ்ந்து, எலும்பை இன்னொரு முறை உறிஞ்சினார்.

வெள்ளிக்கிழமை வேறு ஒரு சிக்கல். அன்று கிறிஸ்தவர்களுக்குச் சுத்தபோசனம், ஆட்டுக்கால் ஆகாது. பயிற்சி கெடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமைச் சூப்பை வியாழனன்றே சேர்த்துக் குடித்தார். அது போதுமோ போதாதோ என்று சனிக்கிழமையும் ஈடுகட்டினார்.

"கோட்டு பொத்தான் மாட்ட மாட்டேங்குதுங்க" என்றாள் ரோசா.

"மார்பு விரியுது."

"விரியறது மார்புக்குக் கீழங்க."

இப்படியாகப் பரீட்சை ஞாயிறு வந்தது. அன்றுதான் பெரிய சிக்கலும் வந்தது. பூசையில் நன்மை, அதாவது குருவானவர் கையால் திவ்ய அப்பம், வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து வாயில் தண்ணீர்கூடப் படக் கூடாது. வாதுமைப் பால் குடித்தால் நன்மை இல்லை. நன்மை வாங்கினால் வாதுமைப் பால் இல்லை. வாதுமைப் பால் இல்லாமல் தண்டு இல்லை.

"வெறும் வயித்தோட போங்க. மாதா பாத்துக்குவாங்க" என்றாள் ரோசா.

"மாதாவைத் தூக்கறதுக்குத்தானடி இவ்வளவும்!" என்று சொல்லிவிட்டு, பாலைக் குடித்தார். பூசை முடிந்து 'பின்' சாப்பிட நேரம் இருக்காது என்று முட்டையையும் முன்னாலேயே முடித்துக்கொண்டார்.

பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போனார்கள். இருபது வருஷமாகத் தவறாமல் போகும் அருளானந்தம் மட்டும் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தார். பெரிய பாவம் செய்தவன்தான் நன்மை வாங்காமல் உட்காருவான் என்று கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அவ்வளவு பெரிய பாவம் என்ன பண்ணிட்டாரு?" என்று பின் வரிசையில் ஒரு குரல்.

"பியூரோவுல கையாடலா?"

"பணம்னா தைரியமா வந்து வாங்கியிருப்பாரே. இது வேற."

ரோசா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெளியே சப்பரம் தயாராக இருந்தது. அருளானந்தம் முன் வலது தண்டில் தோள் கொடுத்தார். தூக்கிவிட்டார்! கோயிலின் கிழக்குப் பக்கம் கடந்தது. வடக்குப் பக்கம் திரும்பும்போது ஆறு முட்டையும் ஒன்றாகத் திரும்பின. விலாவில் குத்து எடுத்தது. கோட்டின் நடுப் பொத்தான் தெறித்துப் பிரகாசத்தின் காலடியில் விழுந்தது.

"எறக்குங்க" என்றார் பிரகாசம், பொத்தானைப் பொறுக்கிக்கொண்டே.

கிறிஸ்துதாஸ் வந்தான். நன்மை வாங்கிய வாயோடு, ஒன்றும் தின்னாத வயிற்றோடு, மூன்று சுற்று சுற்றி, தண்டை அலுங்காமல் இறக்கினான். தாத்தாவின் தண்டு கை மாறிவிட்டது.

அருளானந்தம் அழவில்லை. கோயில் சுவரோரம் நின்று யோசித்தார். எழுதியபடி ஒன்று விடாமல் தின்றும் தோள் வரவில்லை என்றால், எழுதியதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது மட்டும் தெரிந்துவிட்டால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் இருந்த வஸ்தாதின் வீட்டைத் தேடிப் போனார்.

ஒற்றை அறை. வாசலில் அடுப்பு. வஸ்தாதின் மனைவி சின்னப்பொண்ணு கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்லீங்களே முசே. கப்பல் வந்துகீது, மூட்ட தூக்கப் போயிருக்காரு."

"பரவாயில்லம்மா. வஸ்தாது சாப்பாட்டுல ஒரு சந்தேகம். நான் படிக்கிறேன், விட்டுப்போனது எதுன்னு சொல்லு."

வாதுமையில் ஆரம்பித்தார். சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். குங்குமப்பூ வந்தது. நெய்யில் முட்டை வந்தது. அவள் கையில் துடுப்பு நின்றது. அவர் ஆட்டுக்கால் சூப்புக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

"மொளகு தூக்கலா. நடு எலும்ப ஒடச்சி உறிஞ்சணும்."

"அதேதான்!" அருளானந்தத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "உனக்கும் மனப்பாடமா?"

"இருவது வருசமா கேக்கறனே."

"அப்படின்னா சொல்லு. இதுக்கு மேல அவரு என்ன சாப்பிடறாரு?"

கூழ் அடிப்பிடிக்காமல் அவள் மறுபடி கிண்ட ஆரம்பித்தாள்.

"இதெல்லாம் அவரு தின்னதே இல்லீங்க முசே. பசியில தூக்கம் வரலன்னா, படுத்துக்கினு ஒண்ணொண்ணா சொல்லுவாரு."